இரவல் கை

புதன்கிழமை மதியம் இரண்டரைக் காட்சி.
ஹெக்ஸம் திரையரங்கில் எங்களோடு சேர்த்துப் பதினொரு பேர்.
மழைக்கு ஒதுங்கியவர்கள் இரண்டு பேராவது இருப்பார்கள்.
கார்த் தன் ஈரத் தொப்பியை
முழங்காலில் கவிழ்த்துக் காய வைத்திருக்கிறான்.
சரளைக்கல் லாரிக்கு இன்று ஓய்வு.

திரையில் இருநூறு வருடத்துக்கு முந்தைய மாலை.
மெழுகுவர்த்திகள், வெள்ளைக் கையுறைகள்,
தொட்டும் தொடாமலும் ஒரு நடனம்.
கழுத்துப்பட்டி இறுக்கும் கேப்டன் கில்பர்ட்
சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு
சாலைகளில் சேறு அதிகம் என்கிறான்.
'சொல்லித் தொலையேன்' என்கிறாள்
முன்வரிசையில் ஒருத்தி, சத்தமாகவே.

இந்த நாவலைப் பதினாறு வயதில்
பரீட்சைக்காகப் படித்தேன்.
நாயகி அவனை மறுத்து எழுதும் கடிதம்
அதில் ஒரே வரி:
எழுத வேண்டியதை எழுதினாள்.
அவ்வளவுதான். அத்தியாயம் முடிந்துவிடும்.
என்ன எழுதியிருப்பாள் என்று
ஐந்து மதிப்பெண்ணுக்கு ஒரு கேள்வி வந்தது.
நான் இரண்டு வாங்கினேன்.

படத்துக்கு ஒரு வரி போதாது.
மை வேண்டும், வாத்து இறகு வேண்டும்,
தாளில் ஊர்ந்து போக ஒரு வலது கை வேண்டும்.
நடிகைக்கோ இடதுகைப் பழக்கம்.

ஆகவே நான்.
மார்க்கெட் தெரு பேக்கரியில்
இருபத்தாறு வருடமாகக் கேக்குகளின்மேல்
க்ரீமால் பெயர் எழுதுகிறவள்.
பிறந்தநாள், ஞானஸ்நானம், பணி ஓய்வு,
ஒருமுறை ஒரு விவாகரத்து.

சோப்பு போட்டு மோதிரத்தைக் கழற்றினார்கள்.
அது பதித்திருந்த பள்ளத்தைப் பவுடரால் நிரப்பினார்கள்.
அவன் சூடு போட்ட மணிக்கட்டுத் தழும்புக்கு
தோல் நிறத்தில் ஒரு பூச்சு.
பட்டுச் சட்டையில் ஒரு கை மட்டும் எனக்கு மாட்டினார்கள்.
மற்றபடி ஜீன்ஸ், மாவு படிந்த காலணி.
அவள் காதலைத் துறந்ததில்
முழங்கை வரைக்கும் என் பங்கு.

இருபத்து மூன்று முறை எழுதினேன்.
எடுத்துக்கொண்டது பத்தொன்பதாவதை.

இதோ வருகிறது.
கொட்டகைக் கதவளவு பெரிய கை.
என் நகம். என் பெருவிரல் நரம்பு.
'அன்புள்ள கில்பர்ட்.'
இறகு தயங்குகிறது.
ஒரு சொட்டு மை விழுந்து படர்கிறது.
முன்வரிசைக்காரி மூக்கைச் சிந்துகிறாள்.
அன்றைக்கு டீ வண்டியின் சக்கரம் கிறீச்சிட்டது.
வேறொன்றுமில்லை.

கார்த் நிமிர்ந்து உட்கார்கிறான்.
ஏதோ படத்தில் என் கை வருகிறது என்று
சொல்லித்தான் இருந்தேன்.
முகம் வராதா என்று கேட்டான்,
வராது என்றதும் தொட்டிலில் போட்டதுபோல் தூங்கிப்போனான்.
இப்போது இருட்டில் என் பக்கம் சாய்கிறான்.
'அந்த ஜி,' என்கிறான்.
'வால் சுருண்ட ஜி.'

அவன் சாப்பாட்டு டப்பாவின் மூடியில்
அழிய அழிய நான் எழுதும் ஜி.
கையும் களவுமாகப் பிடிபட்டேன்.

கேப்டன் ஜன்னலோரம் கடிதத்தைப் பிரிக்கிறான்.
தாளின் கடைசிவரை அவன் கண்கள் போகின்றன.
நான் உதட்டைக் கடித்துக்கொள்கிறேன்.
வசனம் தாளின் பாதியிலேயே தீர்ந்துவிட்டது,
நிறுத்தாதே என்று இயக்குநர் கையை ஆட்டினார்,
ஆகவே மறுநாள் ஆர்டரை எழுதினேன்:
எலுமிச்சை கேக் மூன்று.
பாதாம் இல்லாமல் ஒன்று.
ஹெஸ்லப் வீட்டுக்கு, சனிக்கிழமை, பத்து மணிக்குள்.

அதைப் படித்து அவன் அழுகிறான்.
நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறான்.
நல்ல நடிகன்.

கார் நிறுத்துமிடத்தில் இன்னும் மழை.
கார்த் சாவியைப் போட்டான், திருப்பவில்லை.
'எனக்கு நீ கடிதமே எழுதியதில்லை.'
'நீ எங்கேயும் போனதில்லையே.'
'கார்லைல் போனேன். நான்கு நாள்.'
'போன் இருந்தது.'
யோசித்தான். சரிதான் என்றான்.

மூச்சுப்பட்டு மங்கிய கண்ணாடியில்
விரலால் ஒரு ஜி போட்டுப் பார்த்தான்.
வால் தவறான பக்கம் போனது.
சற்று நேரம் அதையே பார்த்திருந்துவிட்டு
சாலை தெரியவேண்டுமே என்று
சட்டைக் கையால் துடைத்தான்.